பன்னிரண்டாம் நிமிடத்து ரத்தம்

அந்த நர்ஸ் மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றதும் கடுகுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. யாரென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான். அவனுடைய அக்கா புருஷன், பஸ் டிரைவர், சைனஸ் தொல்லைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போனவர், வலது கண் கெட்டு வெளியே வந்திருந்தார். எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு சாலையை இரண்டாகப் பார்க்கிற மனிதர் கையில் பஸ்ஸை யார் கொடுப்பார்கள்? அதற்குக் காரணம் இந்த நர்ஸ்தான் என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருந்தது.

"இடம் தெரியாம வந்துட்டீங்க. வந்த படி அதோ இருக்கு" என்றான் கடுகு.

"இடம் தெரிஞ்சுதான் சார் வந்தேன்."

"உள்ள வாங்கம்மா" என்றது அறையின் மறுகோடியிலிருந்து ஒரு குரல். "கடுகு, நாற்காலியில இருக்கிற கேமராவ எடு. அவங்க உக்காரட்டும்."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை ஊரில் எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்தவர். வேலையை விட்ட பிறகு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் வில்லங்கங்களைத் துப்புத் துலக்குவதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. கல்யாண வீடியோ எடுக்கும் கடுகின் கடைக்கு மேல்மாடிதான் அவருடைய அலுவலகம். ஆள் குட்டை, தொட்டதற்கெல்லாம் வெடிப்பான் என்பதால் இவனுக்குக் கடுகு என்று பெயர் வந்தது. ஐம்பது வயதைத் தொட்டும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை.

"அண்ணே, இவங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் உக்காரச் சொன்னேன்."

நர்ஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். அழுது தீர்த்துவிட்டு வந்தவள் என்பது கண்ணில் தெரிந்தது. ஆனால் குரலில் அழுகை இல்லை.

"நாளைக்கு மத்தியானம் விசாரணை சார். என்னோட நர்ஸ் பதிவையே ரத்து பண்ணச் சொல்லி எழுதப்போறாங்க. பதினாறு வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிறேன். பஞ்சுல அட்ரினலின் கலக்க மறந்துட்டேனாம். நான் கலந்தேன் சார். என் கையால கலந்தேன்."

"யார் சொன்னது மறந்தீங்கன்னு?"

"மயக்க டாக்டர். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர்கிட்ட அவர்தான் எழுதிக் குடுத்தார்."

"மருந்துக் குப்பி?"

"அன்னைக்கே குப்பையில போயாச்சு. என் பேச்சத் தவிர என்கிட்ட வேற எதுவும் இல்ல."

நிதானம் கேட்கக் கேட்க அவள் விளக்கினாள். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, கன்னத்து எலும்புக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள பொந்துகளைச் சுத்தம் செய்வதுதான் அந்த ஆபரேஷன். தொடங்குவதற்கு முன் அட்ரினலின் நனைத்த பஞ்சை மூக்குக்குள் வைப்பார்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்தோல் வெளுத்துவிடும். அப்படிச் சுருங்காவிட்டால் ரத்தம் கசிந்து கேமராவை மறைக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற எலும்பு காகிதத் தடிமன்தான். ரத்தத்தில் வழி தெரியாமல் மூக்கு டாக்டரின் கருவி அதைத் தாண்டி, கண்ணை அசைக்கிற தசையைக் கிழித்துவிட்டது.

"மயக்க டாக்டர் அப்ப எங்க இருந்தார்?"

"அடிக்கடி பக்கத்து தியேட்டருக்குப் போவார், வருவார். அது அங்க வழக்கம் சார். உதவிக்கு ஒரு ஆள் உக்காந்திருப்பான். என் முதுகு அந்தப் பக்கம். என் கண்ணு பஞ்சு மேலயும் டாக்டர் கை மேலயும்தான் இருக்கும்."

நிதானம் தாள்களைக் கையில் எடுத்தார். ஒன்று புகார். மற்றொன்று மயக்க டாக்டர் எழுதிய மயக்கத் தாளின் நகல். 'ஊசி வழி மயக்கம், முடியும் வரை' என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடித்துடிப்பு. அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. முத்து முத்தான கையெழுத்து.

"ஆபரேஷன எப்ப நிறுத்தினாங்க?"

"பத்து அம்பதுக்கு. கண்ணு வீங்கிப்போச்சு, பதறிட்டாங்க. பதினொண்ணுக்கெல்லாம் வெளிய கொண்டுபோயிட்டோம்."

"இதுல பதினொண்ணு இருபது வரைக்கும் நாடி எழுதியிருக்கே. ஊசி மருந்தும் ஓடிட்டே இருக்கு."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கடுகும் எட்டிப் பார்த்தான்.

"அதனால என்ன அண்ணே? எழுதும்போது கை தவறியிருக்கும்."

"இருக்கலாம். கட்டில் வெளிய போன பிறகும் உள்ள நாடி பார்த்திருக்கார். அவ்வளவு அக்கறை" என்றார் நிதானம். "அம்மா, நான் இதப் பாக்குறேன். நீங்க போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க."

அவள் படியிறங்கியதும் கடுகு வெடித்தான். சொந்த மாமாவின் கண்ணைக் கெடுத்தவளுக்கே வக்காலத்தா, இதை அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வேன், நாளைக்கு அவள் வீட்டில் தண்ணீர்கூட எனக்குக் கிடைக்காது என்று மூச்சுவிடாமல் பொரிந்தான். நிதானம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உங்க அக்கா வீட்டுக்குத்தான் போறோம். வழியில மிச்சத்தையும் திட்டி முடிச்சுடு."

அக்கா வீட்டில் டிரைவர் கட்டிலை நிறைத்துப் படுத்திருந்தார். தொண்ணூறு கிலோ ஆசாமி, வலது கண்ணில் கட்டு. 'வா மாப்ள' என்றவர், ஒற்றைக் கண்ணால் இருவரையும் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கடுகால் முடியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "அவளுக்காகவாடா வந்திருக்கே? உன் கூடப்பொறந்தவ இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்களுக்காகவும்தாம்மா" என்றார் நிதானம். "யார் செஞ்சாங்கன்னு சரியாத் தெரியாம கோபப்பட்டா, அந்தக் கோபமும் வீண்தானே? ரெண்டே கேள்வி. இவருக்கு இதுக்கு முந்தி மயக்கம் குடுத்திருக்காங்களா?"

"மூணு வருஷத்துக்கு முந்தி. இதே மூக்குக்கு, இதே ஆபரேஷன். ஊசியில மயக்கம் குடுத்தாங்க. கண்ண முழிச்சதும், 'பசிக்குது, சோறு இருக்கா'ன்னுதான் கேட்டார். இந்தத் தடவையும் ஊசிதான்னு மூக்கு டாக்டர் சொன்னார். ஆனா இந்தத் தடவை ஆறு தடவை வாந்தி. குளிர்ல நடுங்கி, சாயங்காலம் வரைக்கும் தெளியல. கிட்டப் போனா மூச்சுல ஒரு மாதிரி இனிப்பா வாசனை. பெயின்ட் கடைக்குள்ள போன மாதிரி."

"ரெண்டாவது கேள்வி. கேமராப் பதிவ நீங்க பாத்தீங்களா?"

"காட்டினாங்க. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒரே ரத்தம். நான் தலையத் திருப்பிக்கிட்டேன்."

"ஆபரேஷன் அரை மணி நேரத்துக்கு மேல நடந்திருக்கு. மிச்சப் பதிவு எங்க? அது உங்க வீட்டுக்காரர் உடம்பு. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஒரு கையெழுத்து போடுங்க."

பதிவு அறைக்காரனிடம் சண்டை போடும் வேலை கடுகுக்கு வந்தது. அதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் ஊரிலேயே கிடையாது. தேவையான பகுதியைத்தான் தருவோம் என்றார்கள். 'எது தேவைன்னு நோயாளி சொல்லணுமா, நீ சொல்லணுமா?' என்று வரிசையில் நின்ற இருபது பேருக்கும் கேட்கும்படி கேட்டான். மதியத்துக்குள் முழுப் பதிவும் அவன் சட்டைப் பையில் இருந்தது.

கடையின் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். பத்தேகாலுக்குத் தொடங்கிய பதிவு. கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தத்துக்குக் காத்திருந்தான். ரத்தம் வரவில்லை. பஞ்சு வெளியே வந்தது. உள்தோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. அங்கங்கே ஊசி முனையளவு சிவப்பு, அவ்வளவுதான்.

"இது நம்ம மாமாதானா?" என்றான் கடுகு.

"பேரு மேலயே இருக்கு. பாரு."

பதினெட்டாம் நிமிஷம் ஓரங்கள் கசியத் தொடங்கின. இருபத்திரண்டில் திரை பாதி சிவந்தது. முப்பதாவது நிமிஷத்தில் ஒரே சிவப்பு, அதற்குள் ஒரு கருவி தடவித் தடவிப் போனது. கடுகு படத்தை நிறுத்தினான்.

"அண்ணே, மருந்தே கலக்கலைன்னா ரத்தம் மொத நிமிஷத்துலயே வந்திருக்கணுமே?"

"ஆமா."

"அப்ப அந்தப் பொண்ணு கலந்திருக்கா." சொல்லும்போதே வராந்தாவில் தான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு ஞாபகம் வந்தது. "அப்புறம் நடுவுல என்னதான் ஆச்சு?"

"அது படத்துல இல்ல."

கடுகு ஒரு கணம் யோசித்தான். இருபத்தைந்து வருஷமாக மேளச் சத்தத்துக்கு நடுவில் மாப்பிள்ளையின் குரலைப் பிரித்தெடுக்கிறவன் அவன். சத்தத்தைத் தனியாகப் பிரித்தான். தியேட்டரில் படம் பதிவு செய்தவர்கள் மறந்துபோய் மைக்கைத் திறந்தே வைத்திருந்தார்கள். படத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள், சத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை. நாடிக்கருவியின் 'டிக் டிக்' தெளிவாகக் கேட்டது. கடுகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினான். ஐந்தாம் நிமிஷத்தில் அறுபத்து நாலு. பன்னிரண்டாம் நிமிஷத்தில் வேறொரு கருவி கீச் கீச்சென்று கத்தி நின்றது. ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. பதினெட்டாம் நிமிஷத்தில் மறுபடி எண்ணினான். தொண்ணூற்றெட்டு.

இருபதாம் நிமிஷத்தில் மூக்கு டாக்டரின் குரல்: "என்ன இவ்ளோ ரத்தம்? டாக்டர்? டாக்டர், அங்க இருக்கீங்களா?" பதில் சொல்ல மயக்க டாக்டர் அங்கே இல்லை.

"நாசமாப் போறவன்" என்றான் கடுகு. நிதானம் அவனை அடக்கவில்லை.

மறுநாள் விசாரணை அறையில் நீளமான மேசை. தலைப்பக்கத்தில் கண்காணிப்பாளர். ஒரு பக்கம் மயக்க டாக்டர், இஸ்திரி கலையாத சட்டை, அவருக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்ட மூக்கு டாக்டர். கோடியில் நர்ஸ் தனியாக. டிரைவரும் அக்காவும் வந்திருந்தார்கள். நோயாளி தரப்பில் பேச நிதானத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டபடி ஊசி மருந்தைச் செலுத்தும் தியேட்டரின் மயக்க பம்ப்பும் மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

முதலில் பதிவின் பத்து நிமிஷத்தைக் கடுகு ஓட்டிக் காட்டினான்.

"டாக்டர்" என்றார் நிதானம் மூக்கு டாக்டரிடம். "இந்த வெள்ளை எதனால?"

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "அட்ரினலின் வேலை செய்யுது. நல்லாவே வேலை செய்யுது."

"ஆரம்பத்துல கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்றார் மயக்க டாக்டர் சட்டென்று. "போதாத அளவு கலந்திருப்பாங்க. சீக்கிரமே வேலை விட்டுப்போயிருக்கும்."

"சரி. உங்க தாள்ல நாடி கடைசிவரைக்கும் அறுபத்திரண்டு. இதக் கேளுங்க." கடுகு பதினெட்டாம் நிமிஷத்துச் சத்தத்தை ஓட்டினான். டிக் டிக் டிக் என்று அறை முழுக்க ஓடியது. "தொண்ணூத்தெட்டு. ரெண்டுல எது சரி?"

மயக்க டாக்டர் சிரித்தார். விஷயம் தெரியாதவர்களிடம் பேசும் சிரிப்பு. "இதுல அதிசயம் ஒண்ணுமில்ல. பஞ்சுல இருக்கிற அட்ரினலின் ரத்தத்துல ஏறினா நாடி ஓடத்தான் செய்யும். இது எங்களுக்குச் சாதாரணம். தாள்ல எழுத விட்டுப்போயிருக்கும்."

"பதினெட்டாவது நிமிஷத்துலயும் நாடிய ஓட்டுற அளவுக்குப் பஞ்சுல மருந்து இருந்துச்சு. அப்படித்தானே?"

"இருக்கலாம்..."

"ரத்தத்த நிறுத்தப் போதாம சீக்கிரமே வேலை விட்டுப்போன அதே மருந்து?"

அக்கா நர்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இனி நான் சொல்றேன்" என்றார் நிதானம். "மயக்கத்துல ஆள வச்சிருக்க ரெண்டு வழி. ஒண்ணு, பம்ப் வழியா ஊசி மருந்து. அது நாடிய அடக்கி ஓட்டும், ரத்தக் கசிவு குறையும். இன்னொண்ணு, மூச்சு வழியா வாயு. அதுல தப்பில்ல, எத்தனையோ ஆபரேஷனுக்கு அது போதும். ஆனா வாயு கூடக் கூட ரத்தக் குழாய் விரியும். வயித்துல ஒரு கரண்டி ரத்தம் கசிஞ்சா துடைச்சுட்டுப் போலாம். மூக்குப் பொந்துல ஒரு சொட்டு கசிஞ்சாலே கண்ண மறைச்சிடும். அதனாலதான் மூக்கு டாக்டர் ஊசி மயக்கம் கேட்டார். இவருக்கு ஆறு தடவை வாந்தி, நடுக்கம், சாயங்காலம் வரைக்கும் தெளியல, மூச்சுல இனிப்பு வாசனை. முந்தின தடவை ஊசியில முழிச்சவர் சோறு கேட்டார். இந்தத் தடவை பாதியில வாயுவுக்கு மாத்தியிருக்கீங்க."

"வெறும் ஊகம். ஒரு வாசனைய வெச்சுக்கிட்டு..."

"அதனாலதான் பம்ப்பக் கொண்டுவரச் சொன்னேன். இது எப்ப ஓடுச்சு, எத்தனை கிலோ ஆளுக்கு ஓடுச்சுன்னு தனக்குள்ளயே எழுதி வச்சுக்கும். முப்பது வருஷம் இதுங்களோட வயித்தத் தொறந்து பாத்தவன் நான்." பொத்தானை நாலு தடவை அழுத்திக் கண்காணிப்பாளர் பக்கம் திருப்பினார். "நீங்களே படிங்க."

கண்காணிப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கு ஆரம்பம். எடை தொண்ணூறு கிலோ. பத்து இருபத்தேழுக்கு மருந்து தீரும் எச்சரிக்கை, நிறுத்தம்." நிறுத்தினார். "பத்து முப்பத்தொண்ணுக்கு மறுபடி ஆரம்பம். எடை... நாப்பத்தெட்டு கிலோ."

"நாலு நிமிஷத்துல என் மாமா பாதியா இளைச்சுட்டாரா?" என்று கத்தினான் கடுகு.

"பதிவுல பன்னிரண்டாவது நிமிஷம் கத்தினது இந்தப் பம்ப். அடுத்த ஊசிய நிரப்பி மாட்டுறதுக்குப் பதிலா, வாயுவத் திறந்துவிட்டுட்டு, பம்ப்பத் தூக்கிட்டுப் பக்கத்து தியேட்டருக்குப் போயிட்டீங்க. அங்க இன்னொருத்தர் காத்திருந்தார். மூக்கு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அவர் கைய எடுத்திருப்பார். தாள முன்கூட்டியே பதினொண்ணு இருபது வரை எழுதி வச்சிருந்தீங்க. தினமும் அப்படித்தான் எழுதுவீங்கபோல. ஆபரேஷன் பாதியில நிக்கும்னு நீங்க எதிர்பாக்கல."

மயக்க டாக்டரின் இஸ்திரிச் சட்டை கழுத்தோரம் நனைந்திருந்தது. "ரெண்டு தியேட்டருக்கு ஒரே ஆள், ஒரே பம்ப்" என்றார் தரையைப் பார்த்து. "ரெண்டாவது பம்ப் நாலு மாசமா ரிப்பேர். எத்தனை தடவை எழுதிக் கேக்கிறது?"

எல்லாருடைய தலையும் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பியது.

"வரும்போது அதையும் பாத்தேன்" என்றார் நிதானம். அன்றுதான் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்ததைக் கடுகு கேட்டான். "ஒரு பொத்தான் ஒட்டிக்கிட்டிருக்கு. அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலைய நாலு மாசம் செய்யாம விட்டீங்க. இவர் கண்ணு போச்சு. பழிய யார் தலையில வச்சீங்க? இந்த அறையில எதிர்த்துப் பேச முடியாத ஒரே ஆள் தலையில!"

கடுகு மூக்கு டாக்டர் பக்கம் திரும்பினான். "நீங்க? ஒண்ணுமே தெரியலைன்னா நிறுத்தவேண்டியதுதானே?"

"நிறுத்தியிருக்கணும்" என்றார் அவர். டிரைவர் கட்டுப் போட்ட கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். அக்கா எழுந்து போய் நர்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடுகு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். நர்ஸ் தலையை அசைத்து அவனைப் பொறுக்கச் சொன்னாள்.

கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார். முகத்தில் ஒரு தாராளம் வந்திருந்தது. "சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. உன் மேல இருக்கிற புகார முடிச்சுடறேன். நாளைக்கே வேலைக்கு வந்துடு. மேற்கொண்டு பெருசுபடுத்த வேண்டாம்." வேகமாக நாலு வரி எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. தாளை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். "'மயக்கவியல் மருத்துவரால் செவிலியர் மீது தவறுதலாகப் புகார் அளிக்கப்பட்டது.'"

"ஆமா, அவ்வளவுதானே?"

"சார், வாயுவத் திறந்தது அவர் கை. பம்ப்பத் தூக்கிட்டுப் போனது அவர் கை. புகார் எழுதினதும் அதே கை. எழுதும்போது யார் செஞ்சாங்கன்னு அவருக்குத் தெரியாதா?" அவள் தாளைக் கீழே வைக்கவில்லை. "என் பொண்ணு பள்ளிக்கூடத்துல, 'உங்க அம்மா கண்ணக் குருடாக்கினவளாமே'ன்னு கேட்டிருக்காங்க. தவறுதலாவா சார்? அந்த வார்த்தைய அடிங்க."

"அடிச்சுட்டு என்ன எழுதணும்கிற?"

"'தெரிஞ்சே'ன்னு எழுதுங்க."

கண்காணிப்பாளர் மயக்க டாக்டரைப் பார்த்தார். பிறகு நிதானத்தை, பிறகு கட்டுப் போட்ட டிரைவரைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. பேனாவைத் திருப்பிப் பிடித்து, அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டார். அதன் தலைக்கு மேல், இடுக்கில், 'தெரிந்தே' என்று எழுதினார்.

"தெளிவா எழுதுங்க சார்" என்றாள் நர்ஸ். "படிக்கணும்."